உங்கள் கைக்கும் உயரத்துக்கும் அளவெடுத்த சமையலறை: முதல் குறிப்பிலிருந்து கடைசி திருகு வரை

சிங்குக்குக் கீழே இருக்கும் கேபினெட்டைத் திறந்து, பின்பலகையில் குழாய் நுழைவதற்காகப் போட்ட ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, பசையோ சிலிகானோ பூசி மூடியிருந்தால், அதைச் செய்தவர் வேலை தெரிந்தவர். சொரசொரவென்று வெறும் மரத்தூள் கையில் ஒட்டினால், அந்த ஓரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். என் முதல் சமையலறை அப்படித்தான் போனது. வெளியே பளபளக்கும் கதவுகள், மூட மூடச் சத்தமே வராத டிராயர்கள். இரண்டே வருடத்தில் சிங்கின் அடிப்பலகை இட்லி மாதிரி உப்பிவிட்டது. ஓட்டையின் ஓரத்தைக் கிள்ளினால் மாவாக உதிர்ந்தது. செய்து கொடுத்த நிறுவனம், தண்ணீர் பட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. சிங்குக்குக் கீழே தண்ணீர் படாமல் வேறு எங்கே படும்?

அதற்குப் பிறகு நான் சொந்தமாக ஒன்றும், உறவினர்கள் நண்பர்களுக்குத் துணையாக நின்று சிலவும் செய்து முடித்துவிட்டேன். எல்லோரும் தொடங்குவது கதவின் நிறத்திலிருந்து. நிறத்தைக் கடைசி வாரத்தில் கூடத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மேடையின் உயரமும், உள்ளே இருக்கும் பலகையும், கீலைப் பிடித்திருக்கும் திருகும் முதலில் முடிவாக வேண்டியவை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை இப்போதைய சமையலறையில் வையுங்கள். எதை எடுக்க எத்தனை தடவை குனிகிறீர்கள், எங்கே போய் முட்டிக்கொள்கிறீர்கள், நறுக்கிய காயை வைக்க இடமில்லாமல் எதன் மேல் வைக்கிறீர்கள் என்பதையெல்லாம் அப்போதைக்கப்போது எழுதுங்கள். சமைப்பவர் ஒருவரா இருவரா, வலக்கைப் பழக்கமா இடக்கைப் பழக்கமா என்பதும் எழுத வேண்டியதே. இடக்கைக்காரருக்குப் பாத்திரம் காய வைக்கும் பக்கமே மாறிவிடும்.

அப்புறம் பாத்திரங்களை அளந்துவிடுங்கள். வீட்டிலேயே உயரமான பாத்திரம் எத்தனை செ.மீ., அகலமான தட்டு எத்தனை செ.மீ., மிக்ஸி ஜாரோடு சேர்ந்து எவ்வளவு உயரம்? இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் டிராயர் உயரத்தை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்காது. வருடக்கணக்கில் தொடாத சாமான்களை இந்த வாரமே வெளியேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை தூங்குவதற்கு ஒரு கேபினெட் செய்ய நீங்கள் பணம் கொடுப்பீர்கள்.

படி 2: அறையை அளப்பது

எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. புது வீடானாலும் சரி. அதனால் அகலத்தைத் தரையருகே ஒரு முறை, மேடை உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேலே ஒரு முறை என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதைக் கணக்கில் எடுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நீளம் ஒன்றாக இருந்தும் மூலைவிட்டங்களில் வித்தியாசம் வந்தால், மூலை 90 பாகையில் இல்லை. ஜன்னலின் அடிமட்டம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் பெட்டி, தூண், பீம் எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள். ஜன்னல் உள்பக்கம் திறக்குமானால் அதன் கதவு குழாயில் இடிக்குமா என்று பார்க்க மறக்காதீர்கள்.

இது உங்கள் திட்டத்துக்கான அளவு. தயாரிப்புக்கான கடைசி அளவைச் செய்பவரே வந்து எடுக்க வேண்டும். அதுவும் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த அளவில் பெட்டி செய்தால், டைல்ஸின் தடிமனும் பசையும் சேர்ந்து இரண்டு மூன்று செ.மீ. இடத்தை விழுங்கிவிடும்.

படி 3: எதற்குப் பக்கத்தில் எது

நேர்கோடு, இணைகோடு, எல் வடிவம், யு வடிவம், நடுவில் தனி மேடை என்று வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அறையே இதை முடிவு செய்துவிடும். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது பொருள்கள் நகரும் வரிசை: எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, சமைப்பது, பரிமாறுவது. இந்த வரிசையில் மேடை அமைந்துவிட்டால் சின்ன அறையும் தாராளமாக இருக்கும்.

1926ல் ஜெர்மனியில் மார்கரெத் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கு முன்னோடி இதுதான். அறை சின்னது என்று கவலைப்படுபவர்களுக்கு இந்த அளவை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பார்க்கும் பழக்கம் 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து பரவியது. ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டருக்குள், மூன்றும் சேர்ந்து 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் முக்கோணம் சரியாக வந்தும் நறுக்க இடமில்லாத சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன். சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் தடையில்லாமல் 90 செ.மீ. மேடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாம் அதிக நேரம் நிற்பது அங்கேதான். அடுப்பின் இரு பக்கமும் குறைந்தது 30 செ.மீ. இடம் விடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடக் கூடாது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலும் கையிலிருப்பதை இறக்கி வைக்க ஓரடி போலத் தேவை.

நடைபாதை ஒருவர் சமைக்க ஒரு மீட்டருக்குச் சற்று மேல், இருவர் சமைக்க 1.2 மீட்டர். இதைக் காகிதத்தில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஒட்டும் டேப்பால் தரையில் கேபினெட்டின் கோட்டைப் போடுங்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேடையாக்குங்கள். திறந்த டிராயர் எவ்வளவு தூரம் நீட்டும் என்பதற்கும் ஒரு கோடு. பிறகு சமைப்பது போல நடந்து பாருங்கள். என் இரண்டாவது சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவும் எதிரே இருந்த டிராயரும் ஒன்றோடொன்று மோதும் என்பது இந்த அட்டைப்பெட்டி ஒத்திகையில்தான் தெரிந்தது. கணினிப் படத்தில் மூன்று முறை பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை.

படி 4: மேடையின் உயரம்

அளவெடுத்துச் செய்வதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. இதை விட்டுவிட்டால் ஆயத்தமாக விற்பதையே வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் 85 முதல் 91 செ.மீ.க்குள் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுவார்கள். விடாதீர்கள்.

அதிகம் சமைப்பவர் வீட்டில் எப்போதும் போடும் செருப்போடு, அல்லது வெறுங்காலோடு, இயல்பாக நிற்கட்டும். முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு? அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கழித்தால் நறுக்கும் மேடையின் உயரம். முழங்கை 96 செ.மீ. உயரத்தில் இருப்பவருக்கு 81 முதல் 86. முழங்கை 110ல் இருப்பவருக்கு 95 முதல் 100. இந்த இரண்டு பேருக்கும் 90 என்று ஒரே மேடையைப் போட்டால் ஒருவர் தோளைத் தூக்கிக்கொண்டு நறுக்குவார், இன்னொருவர் முதுகை வளைத்துக்கொண்டு நறுக்குவார்.

என் அம்மா உயரம் குறைந்தவர். பழைய மேடையில் அடுப்புக்கு மேல் பெரிய பாத்திரம் ஏறினால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் குதிகாலை உயர்த்தி நிற்பார். தோள்வலி வயதால் வருகிறது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். புதிய வீட்டில் அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் 8 செ.மீ. இறக்கினோம். அதற்குப் பிறகு அவர் குதிகால் தரையைவிட்டு எழவில்லை. அடுப்பின் மேல் பாத்திரத்தின் உயரமும் சேரும், அதனால் அங்கே மேடை தாழ வேண்டும். சிங்குக்கு நேர்மாறு. கை வேலை செய்வது தொட்டியின் அடியில், அதனால் விளிம்பு சில செ.மீ. உயரலாம். இரண்டு மட்டத்தில் கல் போடுவது கூடுதல் வேலைதான். ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

கீழே கால் நுழையும் பள்ளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 10 முதல் 15 செ.மீ. உயரமும் 5 முதல் 7 செ.மீ. ஆழமும் வேண்டும். அது இல்லையென்றால் கால்விரல் இடித்து, மேடையிலிருந்து தள்ளி நின்று குனிந்தே வேலை செய்வீர்கள். மேல் கேபினெட்டுக்கும் மேடைக்கும் நடுவே 50 முதல் 60 செ.மீ. மேடை 60 செ.மீ. ஆழம் என்றால் மேல் கேபினெட் 30 முதல் 35 போதும். அதற்கு மேல் போனால் நெற்றி இடிக்கும்.

படி 5: கீழே டிராயர், மூலைக்குத் தனி யோசனை

மேடைக்குக் கீழே கதவும் தட்டும் வைத்த கேபினெட்டைவிட முழுதாக வெளியே வரும் டிராயர்தான் நல்லது. தட்டில் பின்வரிசையில் இருப்பதை எடுக்க மண்டியிட வேண்டும். டிராயரில் எல்லாமே மேலிருந்து கண்ணுக்குத் தெரியும். செலவு கூடும், சந்தேகமில்லை. பணத்தை எங்காவது குறைக்க வேண்டுமென்றால் மேல் கேபினெட்டில் குறைத்துவிட்டு இதைக் காப்பாற்றுங்கள். மேலே உயரம் குறைந்த டிராயர் ஒன்று, நடுத்தரமானது ஒன்று, அடியில் உயரமானது ஒன்று என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் அடுக்கு. அடி டிராயருக்குத்தான் நீங்கள் அளந்த உயரமான பாத்திரத்தின் எண் தேவைப்படும்.

எல் வடிவத்தின் மூலை எப்போதும் தொல்லை. சுழலும் தட்டு, இழுத்தால் வெளியே வரும் கம்பிக் கூடை என்று பல உண்டு. விலை அதிகம், இடமும் முழுதாகக் கிடைக்காது. அடிக்கடி எடுக்காத சாமானை வைக்க ஒரு சாதாரணத் தட்டை விட்டுவிடுவது பல வீடுகளில் போதும். ஆனால் மூலையின் இரு பக்கமும் டிராயர் வந்தால், ஒன்றின் கைப்பிடி இன்னொன்றைத் திறக்க விடாது. நடுவில் 5 செ.மீ. போல நிரப்புப் பலகை கேளுங்கள். சுவரை ஒட்டிய டிராயருக்கும் இதே விதிதான்.

படி 6: கண்ணுக்குத் தெரியாத பலகை

பெட்டிக்கான பலகை பற்றிக் கடையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பார்ட்டிகிள் போர்டு மரத்துணுக்குகளைப் பசையில் அழுத்திச் செய்தது. விலை குறைவு, தட்டையாக இருக்கும். தண்ணீர் புகுந்தால் உப்பும், உப்பியது திரும்பாது. திருகைக் கழற்றி அதே ஓட்டையில் மறுபடி போட்டால் பிடிக்காது. எம்டிஎஃப் நுண்ணிய மரநாரால் ஆனது. பெயின்ட் அடிக்கும் கதவுக்கு அருமை, சிங்கின் கீழே வேண்டாம். பச்சை நிறம் கலந்து வரும் ஈரம் தாங்கும் வகையும் தண்ணீரில் ஊறப்போடத் தகுந்ததல்ல. பச்சை வெறும் சாயம், அதைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். பிளைவுட்டில் பசைதான் உயிர். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்கு பிரியாத பசையால் ஒட்டிய பலகைதான் சமையலறைக்கு உகந்தது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து இருந்தால், அந்த இடத்தில் திருகு விழுந்தால் பிடி இருக்காது. பெட்டிக்கு 18 மி.மீ. தடிமன் கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டியும் இருக்கிறது. கரையானும் ஈரமும் தொடாது. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதைவிட மலிவான 202ல் நிக்கல் குறைவு, துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304தான் என்று யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். 202லும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரகத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே பலகை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிங்கின் பெட்டிக்கு உயர்ந்த ரகம், மேல் கேபினெட்டுக்குச் சாதாரண ரகம் என்று பிரித்தால் செலவும் குறையும், ஆயுளும் குறையாது.

பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல வெளியேறும். 2004ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் இந்த வாயு குறைவாக வெளியேறுவதைக் குறிக்கும் இ1 என்ற தரம், அல்லது அதைவிடக் குறைந்த வெளியேற்றம் உள்ள பலகை என்று கேளுங்கள். வாசமே அறிய எளிய வழி: கடையில் மூடிக் கிடக்கும் டிராயரைத் திறந்ததும் கண் எரிந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஓரப்பட்டையை யாரும் பேசமாட்டார்கள், நீங்கள் பேசுங்கள். பலகையின் வெட்டிய ஓரங்கள் நான்கும், சுவரைப் பார்த்திருக்கும் ஓரம் உட்பட, இயந்திரத்தில் பட்டை ஒட்டப்பட வேண்டும். பட்டையை ஒட்டும் பசையில் பியூஆர் என்ற வகை சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். வழக்கமான பசை அடுப்புச் சூட்டில் இளகி, பட்டை நுனி தூக்கிக்கொள்ளும்.

கதவின் மேற்பரப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேட் என்ற கெட்டியான மெல்லிய தகடு முரட்டு உபயோகத்துக்கு ஏற்றது. முன்னும் பின்னும் ஒட்டியிருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும். அக்ரிலிக் கண்ணாடி போல மின்னும், கீறலும் கைரேகையும் தெரியும். பெயின்ட் கதவு அழகு, ஓரம் பெயர்ந்தால் மறுபடி அடிக்கலாம். படலம் போர்த்திய கதவை அடுப்புக்கும் ஓவனுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், சூட்டில் உரியும்.

கீலும், டிராயர் ஓடும் தடமான சேனலும் தினமும் வேலை செய்பவை. அவற்றில் கஞ்சம் வேண்டாம். சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று 30, 50 என எண்ணாகக் கேளுங்கள். பாத்திர டிராயருக்கு மேலான எண். கடை மாதிரியில் காலி டிராயரை இழுத்துப் பார்த்து மயங்காமல், கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் வேறு பாருங்கள்.

படி 7: மேடைக் கல்

கிரானைட் சூட்டைத் தாங்கும், சில வகைகள் எண்ணெயை உறிஞ்சும் என்பதால் சீலர் பூச வேண்டும். மார்பிளில் எலுமிச்சைச் சாறு பட்டால் தேய்த்தும் போகாத மங்கல் விழும், அது சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவானது. குவார்ட்ஸ் கல் என்று விற்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கல்துகள், மீதி பிசின். கறை பிடிக்காது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் பிசின் நிறம் மாறும்.

இந்தக் குவார்ட்ஸ் பலகையைக் காய்ந்த நிலையில் அறுக்கும்போது பறக்கும் சிலிகாத் தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டுப்போவதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தயாரிக்கவும் பொருத்தவும் தடை விதித்தது. எந்தக் கல்லானாலும் நம் வீட்டு வேலைக்காக ஒருவர் அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் அறுக்க அனுமதிக்காதீர்கள்.

கல்லின் முன்விளிம்புக்கு அடியில் பென்சில் தடிமனில் ஒரு கோடு அறுக்கச் சொல்லலாம். மேடையில் வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் நின்று கீழே சொட்டும், கதவுக்குள் நுழையாது.

படி 8: கம்பி, குழாய், புகை, வெளிச்சம்

பெட்டி வருவதற்கு முன் சுவருக்குள் முடிந்துவிட வேண்டியவை இவை. மின்சார அடுப்புக்கும் ஓவனுக்கும் தனித்தனி இணைப்பு. மேடைக்கு மேல் எத்தனை பிளக் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதோடு இரண்டைக் கூட்டுங்கள். அடுப்புக்கும் சிங்குக்கும் நேர் மேலே பிளக் வேண்டாம். கசிவு மின்சாரத்தை 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் சாதனம் கட்டாயம்.

சிலிண்டரைக் கேபினெட்டுக்குள் வைக்க உங்கள் ஊர் விதி அனுமதித்தால், காற்றோட்ட ஓட்டை தரையை ஒட்டி இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்கு மேலே வழி வேண்டும்.

சிம்னியில் உறிஞ்சும் திறனைப் பார்ப்பதற்கு முன் குழாய் போகும் பாதையைப் பாருங்கள். நீளமான, நான்கு முறை வளைந்த, குறுகிய குழாய் எவ்வளவு பெரிய மோட்டாரையும் முடக்கிவிடும். குறுகிய பாதை, குறைந்த வளைவு, சாதனத்தின் வாய்க்கு ஈடான விட்டம். அகலம் அடுப்பைவிடக் குறையக் கூடாது.

கூரை விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும், நிழல் நறுக்கும் பலகையில் விழும். மேல் கேபினெட்டின் அடியில், முன் ஓரத்தை ஒட்டி எல்இடி பட்டை வையுங்கள். அதன் கம்பியை இப்போதே இழுத்துவிடுங்கள்.

படி 9: யாரிடம் கொடுப்பது

தச்சரா, தொழிற்சாலை நிறுவனமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நல்ல தச்சர் கோணல் சுவருக்கு ஏற்றபடி அங்கேயே செதுக்கித் தருவார். தொழிற்சாலையில் வெட்டும் ஓரப்பட்டையும் துல்லியமாக இருக்கும். இருவரிடமும் ஒன்றே கேளுங்கள்: ஐந்து வருடத்துக்கு முன் செய்த ஒரு சமையலறையைக் காட்டுங்கள். புதிதாகச் செய்தது வேண்டாம், அது யார் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். போனதும் சிங்கின் கேபினெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு ஒரே தொகையாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். பலகையின் ரகமும் தடிமனும், கதவின் மேற்பரப்பு, கீல் சேனல்களின் பிராண்டும் மாடலும், எத்தனை டிராயர், கல், பொருத்தும் கூலி, பழையதை அகற்றுவது, வரி எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். அப்போதுதான் மூன்று பேரின் மதிப்பீட்டை ஒப்பிட முடியும். மேல் பார்வை, ஒவ்வொரு சுவரின் முன் பார்வை, குழாயும் பிளக்கும் குறித்த படம் ஆகியவற்றில் அளவுகள் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். வண்ணப் படம் பார்க்க அழகு, சண்டை வந்தால் உதவுவது அளவு எழுதிய படம்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டுங்கள். முன்பணம், பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தி முடித்ததும் ஒரு பங்கு, குறைகள் எல்லாம் சரியான பிறகு கடைசி பத்து சதவீதம். அந்தக் கடைசிப் பங்கு கையில் இருக்கும் வரைதான் உங்கள் போன் எடுக்கப்படும்.

படி 10: பொருத்தும் நாளும் ஒப்படைக்கும் நாளும்

பெட்டிகள் மட்டமாக நின்ற பிறகே கல்லுக்கு அளவெடுக்க வேண்டும். கல் உட்கார்ந்த பிறகு பின்சுவர் டைல்ஸ். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் சிலிகான். புளிப்பு வாசம் அடிக்கும் வகை சில கற்களில் கறை விடும்.

குழாய்க்கும் பிளக்குக்கும் ஓட்டை போடும்போது கட்டாயம் நீங்கள் அங்கே இருங்கள். ஒவ்வொரு ஓட்டையின் ஓரமும் அப்போதே மூடப்பட வேண்டும், குழாய் மாட்டிவிட்டால் பிறகு கை நுழையாது.

ஒப்படைக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவுகளின் நடுவே இடைவெளி ஒரே சீராக, 3 மி.மீ. போல இருக்கிறதா? எல்லாக் கதவையும் டிராயரையும் ஒரே நேரத்தில் திறந்து எதுவும் எதையும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ தாளைக் குழாய் இணைப்புகளைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். நனைந்தால் கசிவு. குறைகளை எழுதித் தேதி போட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்.

மீந்த லேமினேட் துண்டு, அதன் எண், கீலின் மாடல் எண், கையெழுத்திட்ட படம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு மேல் கேபினெட்டில் வைத்துவிடுங்கள். ஓரிரு மாதத்தில் சாமான் பாரம் ஏறியதும் சில கதவுகள் லேசாகத் தொங்கும். கீலில் உள்ள திருகை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுத் திருப்பினால் நேராகிவிடும். பொருத்துபவர் கிளம்புவதற்கு முன் அது எந்தத் திருகு என்று காட்டச் சொல்லி, ஒரு முறை நீங்களே திருப்பிப் பாருங்கள்.